செய்யுளைப் பாடுகிற பையன் உரைநடையில் ஏன் திக்குகிறான்?

ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் ஓர் ஆசிரியை கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவர் வகுப்பில் ஒரு மாணவன் திக்கிப் பேசுகிறான். எழுந்து நின்று உரைநடையை வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறான். அதே பையன் செய்யுளை ராகம் போட்டுப் பாடுகிறான். விளையாட்டு நேரத்தில் நண்பர்களோடு கத்திப் பேசுகிறான். அப்போதெல்லாம் திக்கலே இல்லை. ஆறு மாதமாக ஸ்பீச் தெரபிக்குப் போகிறான். அங்கே நல்ல முன்னேற்றம் என்கிறார்கள், வகுப்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. "வாசிக்கப் பிடிக்காமல் சாக்குச் சொல்கிறானா? தெரபிஸ்ட் பார்ப்பதும் நான் பார்ப்பதும் ஒரே பிள்ளையைத்தானா? வாசிப்பிலிருந்து அவனுக்கு விலக்குக் கொடுத்துவிடலாமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன் டீச்சர். அவன் சாக்குச் சொல்லவில்லை. இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுவதுதான் திக்கலின் இயல்பு. எல்லா இடத்திலும் ஒரே அளவில் திக்குகிற ஒரு பிள்ளை வந்தால்தான் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, இது வேறு ஏதாவது கோளாறாக இருக்குமோ என்று யோசிப்பேன். ஆசிரியர்களுக்கும் எங்களைப் போன்ற தெரபிஸ்டுகளுக்கும் நடுவில் வருகிற குழப்பம் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தை ஆளுக்கொரு விதமாகப் படிப்பதால் வருவது. ஆசிரியர் நல்ல நேரத்தைப் பார்த்துவிட்டு "இவனால் முடியும், மனசு வைக்க மாட்டேன் என்கிறான்" என்று முடிவு கட்டுகிறார். தெரபிஸ்ட் அதே நல்ல நேரத்தைத் தன் அறையில் பார்த்துவிட்டு "குணமாகி வருகிறது" என்று எழுதிவிடுகிறார். இரண்டும் சரியில்லை.

பாட்டை எடுத்துக்கொள்வோம். வாய்ப்பாடு சொல்லும்போது கவனித்துப் பாருங்கள். வகுப்பே சேர்ந்து "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று கத்தும்போது இந்தப் பையன் குரலும் அதில் தடங்கலில்லாமல் போகும். அவனை மட்டும் எழுப்பி அதே ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னால் "ஓ" என்று வாய் திறந்தபடி நிற்பான். மனப்பாடம் ஆகாமல் நிற்கவில்லை. கூடச் சேர்ந்து இன்னொருவர் வாசித்தாலோ, பாடினாலோ, தாளத்துக்குப் பேசினாலோ திக்கல் பெருமளவு மறைந்துவிடும் என்பது எங்கள் துறையில் மிகப் பழைய செய்தி. நாய்க்குட்டியிடம் பேசும்போதும், கைக்குழந்தையைக் கொஞ்சும்போதும் அப்படித்தான். 2021-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எரிக் ஜாக்சன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திக்கிப் பேசும் பெரியவர்கள் 24 பேர். யாரும் கேட்கவில்லை என்று அவர்கள் உண்மையிலேயே நம்பும்படி ஏற்பாடு செய்து, தனக்குத்தானே பேசவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தப் பேச்சில் திக்கல் அநேகமாக இல்லவே இல்லை. அதே ஆட்கள் இன்னொருவரிடம் பேசும்போது திக்கினார்கள்.

அப்படியானால் எல்லாம் மனசில்தானே இருக்கிறது, பயம்தானே என்று தோன்றும். ரொம்பப் பேர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பேச்சைத் தொடங்குவதற்கும், ஓர் அசையிலிருந்து அடுத்த அசைக்கு நகர்வதற்கும் மூளை உள்ளுக்குள்ளேயே நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். இந்த வேலையில் மூளையின் இடப்பக்கப் பேச்சுப் பகுதிகளும், ஆழத்தில் இருக்கிற பேசல் கேங்க்லியா என்ற பகுதியும் சேர்ந்து இயங்குகின்றன. திக்கிப் பேசுகிறவர்களுக்கு இடப்பக்கத்தில் இந்தப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் சற்று வேறுமாதிரி அமைந்திருக்கின்றன என்பதை 2002-இலிருந்தே மூளைப் படங்கள் காட்டி வருகின்றன. பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூ-உன் சாங் சிறு பிள்ளைகளிடமும் இதுபோன்ற வேறுபாடுகளைக் கண்டார். தாளமோ கூட்டுக்குரலோ வெளியிலிருந்து வரும்போது, நேரம் குறிக்கிற வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது என்பதுதான் பலரும் ஏற்கிற விளக்கம். பயமும் பரபரப்பும் திக்கலைக் கூட்டும், உண்மைதான். ஆனால் காரணம் பயம் இல்லை. வகுப்பில் ரொம்பப் பயந்த சுபாவமுள்ள பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்கள் மெதுவான குரலில் பேசுவார்களே தவிர திக்க மாட்டார்கள்.

குடும்ப வழியாக வருவதும் பல காலமாகத் தெரிந்ததுதான். தாத்தாவுக்கு இருந்தது, சித்தப்பாவுக்கு இருந்தது என்று வீட்டில் சொல்வார்கள். 2010-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் டென்னிஸ் டிரேனா குழு, பாகிஸ்தானில் திக்கல் பரவலாக இருந்த குடும்பங்களை ஆராய்ந்து, 12-ஆவது குரோமோசோமில் ஒரு மரபணு மாற்றத்தைச் சுட்டிக்காட்டியது. அந்த ஒரு மரபணுவே எல்லாருக்கும் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது விளக்குவது சிறு பங்கைத்தான். ஆனாலும் "அம்மா அதட்டி வளர்த்ததால்தான் இப்படி" என்று ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் இது நினைவில் இருக்கட்டும்.

அந்தக் கூண்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதில் எங்கள் துறைக்கே பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம்தான் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் திக்கல் ஆராய்ச்சிக்குத் தலைமையிடம். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலக்கையால் எழுதச் சொன்னால் திக்கு வரும் என்ற எண்ணம் அங்கே பரவியிருந்தது. நம் ஊரில் இன்றும் அதைச் சொல்கிறவர்கள் உண்டு, ஆனால் ஆராய்ச்சியில் அந்த எண்ணம் நிலைக்கவில்லை. அடுத்து வெண்டல் ஜான்சன் வந்தார். அவரும் திக்கிப் பேசியவர்தான். சாதாரணமாகத் தடுமாறுகிற குழந்தையைப் பார்த்துப் பெற்றோர் "உனக்குத் திக்குகிறது" என்று பெயர் வைப்பதால்தான் திக்கல் உண்டாகிறது என்பது அவருடைய கொள்கை. சுருங்கச் சொன்னால், வியாதி குழந்தையின் வாயில் இல்லை, பெற்றோரின் காதில் இருக்கிறது.

1939-இல் அவருடைய மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற மாணவி, டேவன்போர்ட் நகரத்து அனாதை விடுதி ஒன்றில் 22 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். அவர்களில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில பிள்ளைகளிடம், உனக்குத் திக்கல் தொடங்கிவிட்டது, திக்காமல் பேச முடியாவிட்டால் பேசாதே என்று மாதக்கணக்கில் சொல்லப்பட்டது. இந்த விவகாரம் 2001-இல் பத்திரிகை வழியாக வெளிவந்து, பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் அயோவா மாநிலம் ஆறு பேர் தரப்புக்கு 9,25,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் "அந்தப் பிள்ளைகள் திக்குவாயாகவே மாறிவிட்டார்கள்" என்று முடிப்பது வழக்கம். அது தவறு. 2002-இல் அம்ப்ரோஸும் யாயிரியும் பழைய பதிவுகளை மறுபடி அலசிப் பார்த்தபோது, யாருக்கும் திக்கல் உண்டானதாகச் சான்று இல்லை என்று தெரிந்தது. நடந்தது வேறு. அந்தப் பிள்ளைகள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். கூச்சப்பட்டார்கள், வகுப்பில் வாய் திறக்கத் தயங்கினார்கள். உங்கள் கேள்விக்கு இது நேராகப் பொருந்துவதால்தான் இவ்வளவு சொல்கிறேன். யார் என்ன சொன்னாலும் ஒரு பிள்ளைக்குத் திக்கலை உண்டாக்க முடியாது. ஆனால் அவனை ஊமையாக்க முடியும்.

சரி, நாங்கள் ஒரு பிள்ளையை எப்படிப் பார்க்கிறோம்? முதலில் காதுக்குக் கேட்பதை எண்ணுகிறோம். திக்கல் மூன்று விதமாக வரும். ஓசையையோ அசையையோ திரும்பத் திரும்பச் சொல்வது, "க-க-க-கடைக்குப் போனேன்" என்பது போல. இழுப்பது, "ஸ்ஸ்ஸ்ஸ்கூல்" என்பது போல. மூன்றாவது அடைப்பு. வாய் சரியான இடத்தில் தயாராக நிற்கும், சத்தம் மட்டும் வராது. பார்க்கிறவர்களுக்குச் சும்மா நிற்கிற மாதிரி தெரியும். உள்ளே அவன் முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருப்பான். வகுப்பறையில் "பதில் தெரியாமல் முழிக்கிறான்" என்று அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த அடைப்புதான். உங்கள் பையன் முதல் வரியில் "நின்றுவிடுகிறான்" என்றீர்களே, அவனுடைய உதட்டையும் கழுத்தையும் கவனியுங்கள். உதடு இறுகி, கழுத்து நரம்பு புடைத்திருந்தால் அவன் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் பழக்கங்களையும் குறித்துக்கொள்கிறோம். கண்ணை இறுக மூடுவது, தொடையில் தட்டுவது, காலைத் தரையில் உதைப்பது, "வந்து வந்து" என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்ப்பது. என்றோ ஒருநாள் தொடையில் தட்டியபோது சொல் வெளியே வந்திருக்கும். அப்புறம் தட்டல் நிலைத்துவிடும், பலன் போய்விடும். ஆசிரியர்கள் இதைக் குறும்பு என்றோ வேறு ஏதோ நரம்புக் கோளாறு என்றோ எடுத்துக்கொள்வது உண்டு.

இவ்வளவும் வெளியே தெரிவது. தெரியாத பங்கு இதைவிடப் பெரியது. ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர், இவரும் திக்கிப் பேசியவர், திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறையோடு ஒப்பிட்டார். மேலே தெரிவது திக்கல், நீருக்குள் இருப்பது வெட்கம், பயம், தவிர்ப்பு. இந்தத் தவிர்ப்பு வகுப்பறையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எங்களிடம் வந்தாள். பள்ளியிலிருந்து வந்த குறிப்பில் "அமைதியான பெண், படிப்பில் சுமார், திக்கல் எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அவளோடு கொஞ்சம் பழகிய பிறகு ஒரு விஷயம் சொன்னாள். மிஸ் கேள்வி கேட்டதும் பதில் மனசுக்குள் வந்துவிடும். அதன் முதல் எழுத்து 'ப'வோ 'த'வோ என்றால், "தெரியல மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாளாம். 'தெரியல' என்பதும் 'த'வில்தானே தொடங்குகிறது என்று கேட்டேன். சிரித்தாள். "அது மட்டும் வந்துடும் சார், அதைச் சொன்னா உட்கார்ந்துடலாம்ல" என்றாள். இவள் திக்கியதை அந்தப் பள்ளியில் யாரும் கேட்டதே இல்லை. எங்கள் கணக்கில் அவள் கடுமையான நிலையில் இருந்தவள்.

இன்னும் சிலர் சொல்லை மாற்றிவிடுவார்கள். 'தண்ணி' வராது என்று தெரிந்தால் 'வாட்டர்' என்பார்கள். 'பேருந்து' என்று தொடங்கி 'வண்டி'க்குத் தாவுவார்கள். மாற்ற முடியாத ஒரே சொல் சொந்தப் பெயர். அதனால்தான் பல பேருக்குத் தன் பெயரில்தான் திக்கல் உச்சத்துக்குப் போகும். புது ஆசிரியர் வந்து "ஒவ்வொருத்தரா எழுந்து பேர் சொல்லுங்க" என்று கடைசி பெஞ்சை நோக்கி வரும் அந்தச் சில நிமிடங்களில், இந்தப் பிள்ளைக்கு மற்றவர்களின் பெயர் ஒன்றுகூடக் காதில் விழாது.

இதை அளக்க எங்களிடம் இருவகைக் கருவிகள் உண்டு. கிளின்டன் ரைலி 1972-இல் கொண்டுவந்த தீவிர அளவைக் கருவி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நூறு அசைக்கு எத்தனை திக்கல், மிக நீண்ட திக்கல் எவ்வளவு நேரம், உடல் அசைவுகள் எப்படி என்று கணக்கிடும். 2006-இல் யாரஸும் குவெஸலும் வெளியிட்ட இன்னொரு கருவி, திக்கல் ஒருவருடைய அன்றாட வாழ்க்கையில் என்ன செய்கிறது என்று கேட்கும். முதல் கருவியை மட்டும் வைத்துக்கொண்டு, கதவு சாத்திய அறையில், அவசரப்படுத்தாத ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்து பேசவிட்டு எண்ணினால் எண்ணிக்கை குறைந்துதான் வரும். உங்கள் பையனின் "நல்ல முன்னேற்றம்" அப்படி வந்ததாக இருக்கலாம். அது பொய்யில்லை, அந்த அறைக்குப் பொருந்துகிற உண்மை. நாற்பது பேர் திரும்பிப் பார்க்கும் வகுப்பறைக்கு அது செல்லாது. ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முன்னேற்றம் என்று எழுதுகிற தெரபிஸ்ட் வேலையைப் பாதியில் விட்டவர் என்றுதான் நான் சொல்வேன்.

சிறு குழந்தைகளின் விஷயம் கொஞ்சம் வேறு. உங்கள் பள்ளியில் எல்கேஜி, யுகேஜி இருந்தால் அந்த ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், பேச்சு வேகமாக வளர்கிற காலத்தில் தொடங்கும். நூறு குழந்தைகளில் ஐந்து பேருக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் வரும். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது நின்றுவிடும். கடைசியில் மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவில் தங்குகிறது. பெண் குழந்தைகள் அதிகம் மீண்டுவிடுவதால், பெரியவர்களில் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண் என்ற கணக்கு வருகிறது. "நான் நான் வந்து, அம்மாகூட அம்மாகூட போனேன்" என்று முழுச் சொல்லைத் திரும்பச் சொல்வது எல்லாக் குழந்தைகளும் செய்வதுதான். முதல் ஓசையே உடைந்து, இரண்டு தடவைக்கு மேல் திரும்பி, முகத்தில் இறுக்கமும் தெரிந்தால் காட்டிவிடுங்கள். குடும்பத்தில் பெரியவர்களான பிறகும் திக்கிப் பேசுகிறவர்கள் இருந்தாலோ, மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியிருந்தாலோ, ஆறு மாதம் ஓராண்டு தாண்டியும் குறையாவிட்டாலோ "தானாப் போயிடும்" என்று காத்திருக்க வேண்டாம்.

இந்த வயதில் செய்யும் பயிற்சிக்கு நல்ல பலன் உண்டு. ஆஸ்திரேலியாவில் மார்க் ஆன்ஸ்லோ முதலானோர் உருவாக்கிய லிட்கம் முறையில் தாயோ தந்தையோதான் வீட்டில் பயிற்சி கொடுப்பார். குழந்தை சரளமாகப் பேசியதைப் பாராட்டுவதும், எப்போதாவது திக்கியதை மென்மையாகச் சுட்டுவதும் அதில் முக்கியம். வீட்டின் அவசரத்தையும் எதிர்பார்ப்பையும் குறைக்கும் இன்னொரு முறையும் உண்டு. நெதர்லாந்தில் 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. பதினெட்டு மாத முடிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பார்த்தீர்களா, ஜான்சன் சொன்னபடி பார்த்தால் சுட்டிக்காட்டுவதே பாவம். இங்கே பெற்றோரே சுட்டிக்காட்டுகிறார்கள், குழந்தைகள் நன்றாகத்தான் ஆனார்கள். திக்கலைப் பற்றிப் பேசவே கூடாது என்று பயப்பட வேண்டியதில்லை. எந்தக் குரலில் பேசுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

பன்னிரண்டு வயதில் நிலைமை மாறிவிடும். இந்த வயதில் திக்கல் முழுக்க நின்றுவிடும் என்று நான் எந்தப் பெற்றோருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பயிற்சியில் இரண்டு பாதைகள். ஒன்று, பேசும் விதத்தையே மாற்றுவது. உயிரொலியை நீட்டி, மூச்சை மெல்ல விட்டு, உதடும் நாக்கும் லேசாகப் படும்படி பேசப் பழக்குவோம். அறைக்குள் அற்புதமாக வேலை செய்யும். ஆனால் பேச்சு இயந்திரம் மாதிரி கேட்கும். வெளியே போனதும் பிள்ளை விட்டுவிடுவான், சினேகிதர்கள் முன்னால் அப்படிப் பேசுவதைவிடத் திக்குவதே மேல் என்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இன்னொன்று, மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் சார்லஸ் வான் ரைப்பர் வளர்த்தெடுத்த வழி. அவரும் வாழ்நாள் முழுக்கத் திக்கியவர். திக்கலை எதிர்த்துச் சண்டை போடாமல், இறுக்கமில்லாமல் திக்கக் கற்றுக்கொள்வது அது. சொல் அடைத்துக்கொண்டால் தள்ளாமல், அடைப்பிலேயே தசையைத் தளர்த்தி மெல்ல வெளியே வருவது. வேண்டுமென்றே திக்கிக் காட்டுவதும் இதில் ஒரு பயிற்சி. பெற்றோர் முதலில் அதிர்ந்துபோவார்கள், "திக்காம இருக்கத்தானே சார் கூட்டிட்டு வந்தோம்?" என்பார்கள். வேண்டுமென்றே செய்ய முடிகிற ஒன்றின் மேல் பயம் நீடிக்காது என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். இன்று பெரும்பாலும் இரண்டையும் பிள்ளைக்குத் தக்கபடி கலந்துதான் கொடுக்கிறோம்.

இதனால்தான் உங்களிடம் நான் கேட்பது, அவன் எத்தனை முறை திக்கினான் என்ற கணக்கை இல்லை. இந்த வாரம் அவனாகக் கை தூக்கினானா, திக்கியபடியே வாக்கியத்தை முடித்தானா, "தெரியல" குறைந்ததா என்றுதான் கேட்பேன். முன்பு வாயே திறக்காதவன் பேசத் தொடங்கும்போது திக்கல் உங்கள் காதுக்கு அதிகமாகக் கேட்கும். அதைப் பின்னடைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வகுப்பில் என்ன செய்யலாம் என்றால், முதல் வேலை அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது. எல்லார் முன்னாலும் வேண்டாம். "வாசிக்கும்போது சில சொல் மாட்டிக்குது, கவனிச்சேன். அதுக்காக மார்க் குறைக்க மாட்டேன். உனக்கு எப்படி இருந்தா வசதி?" இவ்வளவு போதும். நீங்கள் கவனித்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததுமே மறைக்கிற வேலையில் பாதி குறையும். சில பிள்ளைகள் முதல் ஆளாக வாசித்துவிட வேண்டும் என்பார்கள், வரிசை நெருங்க நெருங்கப் பயம் ஏறும் என்பதால். சிலர் இன்னொருவனோடு சேர்ந்து வாசிக்கிறேன் என்பார்கள். வாய்ப்பாட்டில் பார்த்த அதே சங்கதிதான், சேர்ந்து வாசித்தால் ஓடும். அவனுக்கு மட்டும் ஜோடி போட்டால் பளிச்சென்று தெரியும். ஒரு வாரம் வகுப்பு முழுவதையும் ஜோடியாக வாசிக்க வையுங்கள், ஒருத்தரும் காரணம் கேட்க மாட்டார்கள். வருகைப்பதிவில் "உள்ளேன் அம்மா" வராமல் தவித்தால் கை தூக்கினாலே போதும் என்று எல்லாருக்குமே பொதுவாக வைத்துவிடுங்கள்.

அவன் அடைப்பில் நிற்கும்போது சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். "மெதுவாப் பேசு", "மூச்ச இழுத்து விட்டுப் பேசு", "பதறாதே" எல்லாம் நல்ல மனசோடு சொல்வதுதான். அவன் காதில் விழுவது என்னவோ, நீ பேசுகிற விதம் தப்பு என்பதுதான். அவன் மெதுவாகப் பேச வேண்டுமானால் நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். கேள்வி கேட்டபின் இரண்டு விநாடி விடுங்கள். அவன் முகத்தையே இயல்பாகப் பாருங்கள், புத்தகத்தைப் பார்ப்பது போல் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். அவன் முடித்ததும் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். "பரவாயில்லையே, திக்காம வாசிச்சுட்டியே!" என்று எல்லார் முன்னாலும் பாராட்டினால், திக்குகிற நாளில் நம் மிஸ்ஸுக்கு ஏமாற்றம் தந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வான்.

கேலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சினிமாவில் திக்குவாய்ப் பாத்திரம் வந்தால் அது சிரிப்புக்குத்தான் என்று பார்த்துப் பழகிய பிள்ளைகள் இவர்கள். சிரித்தவனை அடித்து உட்கார வைத்தால் சிரிப்பு இடைவேளைக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பையனுக்குச் சம்மதம் இருந்தால், அவனே வகுப்பில் இரண்டு நிமிடம் திக்கல் என்றால் என்ன என்று பேசுவது நான் பார்த்தவரையில் நல்ல பலன் தருகிறது. அதற்குத் தெரபிஸ்ட் அவனைத் தயார் செய்ய வேண்டும், அதுவும் எங்கள் வேலைதான். கேரளத்தின் முதல் முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டிடம் "நீங்கள் எப்போதும் திக்குவீர்களா?" என்று ஒருவர் கேட்டாராம். "இல்லை, பேசும்போது மட்டும்தான்" என்றாராம். பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவது, வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசுவது, நாக்கின் அடியில் கீறிவிடுவது பற்றியெல்லாம் பெற்றோர் உங்களிடம் கேட்பார்கள். நாக்கில் கோளாறு இல்லை, அதனால் நாக்குக்குச் செய்யும் வைத்தியத்தால் பலனும் இல்லை. 1841-இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற பெரிய அறுவை மருத்துவரே திக்கலுக்காக நாக்கின் அடிப்பகுதியை வெட்டிப் பார்த்தார், ரத்தப்போக்கும் வேதனையும்தான் மிச்சம். கல்லைப் போட்டால் தொண்டையில் சிக்கும் ஆபத்து வேறு. திக்கலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் இதுவரை கிடையாது. 'பதினைந்தே நாளில் பூரண குணம்' என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் போக வேண்டாம்.

இன்னொரு விஷயம். வேகவேகமாக, சொற்களை விழுங்கிக் குழறிப் பேசுகிற பிள்ளைகள் இருப்பார்கள். தான் அப்படிப் பேசுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது, எதிராளி "என்ன?" என்று கேட்டால்தான் உண்டு. இது வேறு கோளாறு. இவர்களிடம் "நிதானமாச் சொல்லு" என்றால் உடனே தெளிவாக வரும். அந்த அனுபவத்தைத் திக்குகிற பிள்ளையிடம் காட்டித்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

போக வேண்டிய இடம் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்தில் செலவில்லாமல் பார்க்கலாம். சென்னையில் போரூர் ராமச்சந்திரா போன்ற இடங்களில் இதற்கெனத் துறையே இருக்கிறது. 1965-இலிருந்து இயங்கும் மைசூரு அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்துக்கும் நம் பக்கத்துக் குடும்பங்கள் போய்வருகின்றன. யாரிடம் போனாலும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சட்டத்தின் வழியாகச் சலுகை கேட்கலாமா என்றும் பெற்றோர் கேட்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்ற பிரிவு இருந்தாலும், அது திக்கலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதனால் வாய்மொழித் தேர்வில் கூடுதல் நேரம் போன்றவை நடைமுறையில் உங்களைப் போன்ற ஆசிரியர் கையிலும் தலைமையாசிரியர் கையிலும்தான் இருக்கின்றன.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. வாசிப்பிலிருந்து முழு விலக்குக் கொடுக்காதீர்கள். முதல் வாரம் அவனுக்குப் பெரிய நிம்மதியாக இருக்கும். அடுத்த மாதம் வாசிப்பு அவனுக்கு இன்னும் பெரிய பூதமாகிவிடும், மற்ற பிள்ளைகளுக்கும் அவன் வாசிக்காதவன் என்று பழகிவிடும். கட்டாயப்படுத்தியும் எழுப்பாதீர்கள். இப்போதைக்கு ஜோடியாக, அப்புறம் இரண்டு வரி தனியாக, அப்புறம் ஒரு பத்தி என்று அவனோடு பேசி ஓர் ஏணி போட்டுக்கொள்ளுங்கள். எப்போது அடுத்த படி என்பதை அவனே சொல்லட்டும். அந்த ஏணியை ஒரு தாளில் எழுதி, எந்தப் பாடவேளையில் அதிகம் திக்குகிறான், எப்போது "தெரியல" சொல்கிறான் என்பதையும் இரண்டு வரி சேர்த்து, அவனுக்குத் தெரிந்தே தெரபிஸ்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அறைக்குள் அவர் கொடுக்கும் பயிற்சியை உங்கள் வகுப்பின் அடுத்த படிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள அந்தத் தாள் அவருக்கு உதவும். அவர் அதைப் படிக்காமல் ஓரம் வைத்தால், பெற்றோரிடம் வேறு தெரபிஸ்டைப் பார்க்கச் சொல்லத் தயங்காதீர்கள்.